கண்ணுக்கே தெரியாத தூசி

கோமதி,

நாளை நீ வெளிநாடு புறப்படுகிறாய் என்று நீயும் உன் அம்மாவும் முன்னறை முழுக்கப் பெட்டிகளைப் பரப்பி வைத்திருக்கிறீர்கள். ஊறுகாய்ப் பாட்டிலை எந்தத் துணிக்குள் சுற்றினால் கசியாது என்று காலையிலிருந்து வாதம் நடக்கிறது. நான் சன்னலோரம் உட்கார்ந்து இதை எழுதுவதை நீ இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டாய். இப்போது கேட்காதே. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு படி. மலையாளத்தில் படிப்பது என்றால் நீ ஓடுவாய், தமிழில் நடந்துதான் போவாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே படி, அவசரமில்லை. இது ரகசியமும் இல்லை. உனக்கு யாருக்காவது வாசித்துக் காட்டத் தோன்றினால் தாராளமாகக் காட்டு.

என் வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எழுதப் படிக்கலாம் என்று டாக்டர் நேற்றுத்தான் அனுமதி கொடுத்தார். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது நம் வீட்டுச் சுவர். எப்போது வெள்ளை அடித்தோம் என்று உன் அம்மாவிடம் கேட்டேன். "அது எப்பவும் வெள்ளதான்" என்றாள். இத்தனை வருடம் நான் அதை மஞ்சள் சுவர் என்றே நினைத்திருக்கிறேன். கண்ணின் உள்ளே ஒரு சிறு வில்லை கொஞ்சம் கொஞ்சமாகப் பழுத்து, உலகம் முழுவதையும் பழுப்பாக்கிக் காட்டியிருக்கிறது. அது நடந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் படகுத்துறைக்குப் போய்க் காயலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனை நீலம். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வாய் பிளந்து நிற்கலாமா என்று வெட்கமாகவும் இருந்தது. உடனே உன்னை நினைத்தேன். கண்ணைப் பற்றி நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிற ஒன்றையும் நினைத்தேன்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் நான் மேஸ்திரியாக இருந்த சுக்குக் கிடங்கு உனக்கு நினைவிருக்கும். இப்போது அதே கட்டடத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய மரச்சாமான் விற்கிறார்கள். அந்த நாட்களில் சுக்கு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்புப் பாலில் முக்கி எடுத்து முற்றத்தில் காயவைப்போம். பதினைந்து இருபது பெண்கள் வேலை செய்தார்கள். பாதிப்பேர் நம்மைப்போலத் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதில் ஒருத்திதான் இசக்கியம்மாள், உன் இசக்கி அத்தை. நம் சந்தில் கடைசி வீடு. உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது அவளுடைய இடது கண் வெள்ளையாகப் போனது. கண்ணில் தூசி விழுந்து கசக்கிவிட்டாள் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். நான்தான் சொன்னேன். அது பொய்.

நடந்தது இதுதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் அது அடுப்பில் வைத்ததுபோலக் கொதிக்கும். கொதி அடங்கிய பிறகுதான் யாரையும் பக்கத்தில் விட வேண்டும். அன்று கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் அவசரம். அடங்கும்வரை பொறுக்காமல் கிளறச் சொன்னவன் நான். இசக்கி கம்பைப் போட்டுக் கிளறினாள். அடியில் நீறாமல் கிடந்த ஒரு கல் வெடித்து, குழம்பு அவள் முகத்தில் தெறித்தது. நான் ஓடிப்போய் என் தோர்த்துத் துண்டால் அவள் கண்ணைத் துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். யாரோ தேங்காயெண்ணெய் விடச் சொன்னார்கள், அதையும் விட்டேன். தண்ணீர்க் குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. ஆனால் சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்பதைத்தானே நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணுக்குள் கொதித்துவிடும் என்று பயந்து, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் ஆட்டோவில் ஏற்றிப் பாலம் கடந்து எறணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டது, "வெள்ளம் ஒழிச்சில்லே? அடுத்து பைப்பு இல்லாயிருந்நோ?" தண்ணீர் ஊற்றவில்லையா, பக்கத்தில் குழாய் இல்லையா என்று. இருந்தது என்று நான் சொன்னேன். அவர் நர்ஸைக் கூப்பிட்டு உடனே தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். உடனே, நிறுத்தாமல், அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒருவேளை அந்தக் கண் பிழைத்திருக்கும். பின்னால் வேறொருவரின் கண்படலத்தை வைத்துத் தைத்தும் பார்த்தார்கள். சுண்ணாம்பு எரித்த கண் அதை ஏற்கவில்லை.

இதுவரை நான் செய்தது அறியாமை. அடுத்த வாரம் செய்தது அப்படியல்ல. முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். சுண்ணாம்புக் கையோடு அவளே கண்ணைக் கசக்கிக்கொண்டாள், கிடங்கின் பேரில் தவறில்லை, நான் பார்த்தேன் என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை, கோமதி. பேனாவை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். அதோடு இசக்கிக்கு வேலையும் போனது. அவள் வீட்டிலேயே ஆப்பம் சுட்டு விற்க ஆரம்பித்தாள். நீ தினமும் காலையில் அதைத்தான் வாங்கித் தின்று பள்ளிக்கூடம் போனாய்.

ஒருநாள் நீ அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, "அத்தே, அந்தக் கண்ணுல என்ன தெரியும்?" என்று கேட்டாய். நான் வாசலில் நின்றிருந்தேன். இசக்கி சிரித்துக்கொண்டே, "வெளிச்சம் தெரியும் தாயி. வெள்ளைத் துணிக்குப் பின்னால ஆரோ வெளக்கைப் பிடிச்ச மாரி" என்றாள். நீ அவளுடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று உன் மனதில் ஏதோ விழுந்திருக்க வேண்டும். பிறகு நீ கல்லூரி முடித்து, கண்ணையும் மருந்தையும் பற்றி ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னபோது, உன் அம்மா கடவுளுக்கு நன்றி சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எனக்குப் பாடம் நடத்தியது இப்போதும் கண்முன் நிற்கிறது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல இருக்கிற அந்தப் படலத்தில் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது என்றாய். "ரத்தம் போனா கண்ணாடி கலங்கிப்போகும்லப்பா. அதனால அது காத்துலருந்து மூச்சு வாங்குது. கண்ணீர் வழியா." நான் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டேன். முப்பது வருடம் தூசியில் நின்றவன் நான். மிளகுத் தூசி, சுக்குத் தூசி, சுண்ணாம்புத் தூசி எல்லாம் பார்த்தவன். மூக்கில் துணி கட்டிக்கொள்ள எனக்குத் தெரியும். ஆனால் கண்ணும் மூச்சு வாங்குகிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. நீ போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக என் கண்ணை நானே ஒரு அந்நியரைப் பார்ப்பதுபோல மரியாதையோடு பார்த்தேன்.

பிறகு உன் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிச் செய்தித்தாள் மேல் வைத்தாய். உன் வேலையில் வருகிற நானோ துகள்கள் அந்த முடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் என்றாய். "அப்ப அது ஒரு வகைத் தூசிதானே?" என்றேன். "தூசின்னா கண்ணுல விழுந்ததும் கரிக்கும், தண்ணி வரும், இமை அடிச்சு வெளிய தள்ளும். இது விழுந்தா கண்ணுக்கே தெரியாதுப்பா" என்றாய். களிம்பில் போடுகிற சாதாரண வெள்ளைப் பொடியையே அவ்வளவு சிறிதாக்கினால் அதன் குணம் மாறிவிடும் என்றாய். அது எனக்கு உடனே பிடிபட்டது. மிளகை முழுசாகக் கைநிறைய அள்ளலாம், ஒன்றும் ஆகாது. அதையே பொடித்தால் கிடங்கு முழுக்கத் தும்மும். "சரிதான்ப்பா, இதை டீச்சர்கிட்ட சொல்லுதேன்" என்று நீ சிரித்தாய். கண்ணின் பின்பக்கம் வரை சாதாரணச் சொட்டு மருந்து போய்ச் சேராது, இந்தத் துகள்களின் முதுகில் ஏற்றிவிட்டால் போகும், சர்க்கரை நோயால் பார்வை போகிறவர்களுக்கு ஊசி இல்லாமல் மருந்து கொடுக்கலாம் என்றாய். உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற அந்த டீச்சரின் தம்பிக்கு அப்படித்தான் பார்வை போனது, டீச்சர் பன்னிரண்டு வருடமாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னாய். நல்லது செய்யப் போகிறது என்றால் எதற்கு இத்தனை சோதனை என்று கேட்டேன். "கண்ணுக்கே தெரியாம உள்ள போறது, உள்ள என்ன பண்ணுதுன்னு ஆராவது பாக்கணும்லப்பா" என்றாய்.

அடுத்த மழைக்காலத்தில் ஊரே கடையடைத்த அந்த ஹர்த்தால் வந்தது. நீ கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த கண் செல்களின் மேல் மருந்துத் துகளைச் சொட்டி, ஒருநாள் கழித்துப் பார்ப்பது வழக்கம். எப்போது பார்த்தாலும் நன்றாகவே இருக்கும். அந்த வாரம் ஹர்த்தால், அதை ஒட்டிப் பஸ் வேலைநிறுத்தம், படகும் ஓடவில்லை. நாலாம் நாள் நீ போய்ப் பார்த்தபோது, துகள் பட்ட தட்டுகளில் செல்கள் சுருண்டு, பிடி விட்டு மிதந்துகொண்டிருந்தன. துகள் படாத தட்டுகளும் அதே நாலு நாள் அங்கேயேதான் இருந்தன. அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ டீச்சரிடம் ஓடினாய். அவர் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையிலிருந்து தலை நிமிராமல், "அது ஹர்த்தாலில் கேடாயதா மோளே, களஞ்ஞேக்கு" என்றார். கெட்டுப்போனது, கொட்டிவிடு என்று. கட்டுரையில் உன் பெயரும் இருந்தது. அது வெளிவந்தால் அடுத்த சோதனை முயல்களின் கண்ணில், அதற்கடுத்து மனிதர்களின் கண்ணில்.

அன்று நீ வீட்டுக்கு வந்து, என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாய். ஊரில் எத்தனையோ பேர் இருக்க என்னிடம் கேட்டாய். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைக்கவில்லை. "அவங்க படிச்சவங்க, பெரியவங்க. உன் பேரைச் சேர்த்திருக்காங்களே, மதி. நாலு நாளைக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு உன்கிட்ட ஆரு கேட்டா? நீ ஒண்ணும் பாக்காத மாரி இருந்திரு."

நீ சோற்றுத் தட்டில் கை வைத்தபடி இருந்தாய். "அப்பா, கண்ணுக்கு ஒருநாளைக்கு மட்டுமா மருந்து விடுவாங்க? மாசக்கணக்கா விடுவாங்களே" என்றாய். நீ சாப்பிடாமல் எழுந்து போனாய். காலையில் முதல் படகிலேயே புறப்பட்டுவிட்டாய். உன் அம்மா என்னைக் கேட்டாள், பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று. புத்தி சொன்னேன் என்றேன். அது புத்தியல்ல, கோமதி. அன்று எனக்கு முன்னால் பேனா நீட்டப்பட்டபோது நான் செய்ததையே நீயும் செய்துவிட்டால், என் காரியம் உலக வழக்கம் என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டியிருந்தது. பெற்றவன் பிள்ளையிடம் இப்படியும் ஒன்றை எதிர்பார்ப்பான் என்பதை நீ தெரிந்துகொள். பெரியவர்கள் சொல்கிற புத்தியில் பாதி, அவர்கள் தப்பித்து வந்த கதைதான்.

நீ என் பேச்சைக் கேட்கவில்லை. டீச்சரோடு சண்டையும் போடவில்லை. வேண்டுமென்றே நாலு நாள் விட்டு மூன்று தடவை அதே சோதனையைச் செய்தாய். மூன்றாம் தடவை தட்டுகளைக் கொண்டுபோய் நுண்நோக்கியின் கீழே வைத்து, "டீச்சர், ஒரு தடவை பாருங்க" என்று மட்டும் சொன்னாய். அவர் காலையில் உட்கார்ந்தவர் மதியம்வரை எழுந்திருக்கவில்லை என்றும், பக்கத்தில் வைத்த சாயா ஆடை கட்டிப்போனது என்றும் சொன்னாய். பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஞான் ஒரு திவசத்தே நோக்கியுள்ளூ மோளே" என்றாராம். நான் ஒரு நாள் மட்டும்தான் பார்த்தேன் என்று. மறுநாளே கட்டுரையை நிறுத்திவிட்டார். பன்னிரண்டு வருடக் கனவு, பார்வை இழந்த தம்பி, எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, ஒரு மாணவியின் நாலு கண்ணாடித் தட்டுகளை நம்பினார். அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனால் காயலின் நீலத்தைப் பார்த்தபோது வந்த அதே திகைப்புத்தான் அவரை நினைக்கும்போதும் வருகிறது. பிறகு நீங்கள் இரண்டு வருடம் பாடுபட்டுத் துகளின் மேல்பூச்சை மாற்றி மறுபடி தொடங்கினீர்கள். அது கண்ணுக்கு நல்லதா என்று போன மாதம் கேட்டேன். "இன்னும் தெரியாதுப்பா. தெரியாதுன்னுதான் எழுதியிருக்கோம்" என்றாய். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற மனிதர்களும் இருக்கிறார்கள் என்பதை நான் உன் மூலமாகத்தான் அறிந்தேன்.

டீச்சர் கட்டுரையை நிறுத்திய செய்தியை நீ வந்து சொன்ன மறுநாள் காலையில் நான் இசக்கி வீட்டுக்குப் போனேன். அடுப்பு முன்னால் இருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிளறச் சொன்னதை, தண்ணீர் ஊற்றாததை, காகிதத்தை. அவள் சட்டியைச் சுழற்றி மாவைப் பரப்பி மூடி போட்டாள்.

"தெரியும் அண்ணாச்சி. அந்தக் காயிதத்தை எனக்கே வாசிச்சுக் காட்டினாவ."

"நீ ஒரு வார்த்தை கேக்கலயே, இசக்கி."

"ஒங்கள மன்னிச்சதால கேக்காம இருந்தேன்னு நெனைக்காதிய. நீங்களா வந்து சொல்லுதியளான்னு பாத்தேன். பதிமூணு வருசம் பாத்தாச்சு."

மூடியைத் திறந்து ஆப்பத்தை எடுத்தாள். தீய்ந்திருக்கவில்லை. எனக்குத் தரவும் இல்லை. நான் கிளம்பும்போது, "கோமு கண்ணை வளக்குதாளாமே, தட்டுல. நெசமா?" என்று கேட்டாள்.

"கண்ணை இல்ல. கண்ணோட மேல்தோலை."

"எனக்கு அதைப் பாக்கணும். கூட்டிட்டுப் போங்க."

நாங்கள் உன் ஆய்வகத்துக்கு வந்த அன்று, இசக்கி அத்தையையும் ஏன் அழைத்து வந்தீர்கள் என்று நீ கேட்டாய். ஆசைப்பட்டாள் என்றேன். காரணம் இதுதான். அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் பஜார் ரோட்டில் மிச்சமிருக்கிற கிடங்குகள் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, சுண்ணாம்புத் தொட்டி பக்கத்தில் ஒரு குழாய் வையுங்கள், கண்ணில் பட்டால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றுங்கள், நிறுத்தாமல் ஊற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டு அலைந்தேன். கிறுக்கு மேஸ்திரி என்று பெயரும் வாங்கினேன். இரண்டு கிடங்குகளில் வைத்தார்கள். ஆனால் அதெல்லாம் நானாகச் செய்தது. அவள் கேட்டது அல்ல.

அந்த நாளை நீயும் அறிவாய், ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ அதைப் பார்க்கவில்லை. இசக்கி நல்ல சேலை கட்டி, படகில் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். நீ எங்கள் கால்களுக்கு நீல உறை மாட்டிவிட்டாய். தட்டில் இருக்கிற செல்கள் யாரோ இறந்துபோனவர் தானமாகக் கொடுத்த கண்ணிலிருந்து வந்தவை என்றாய். காலையில்தான் அதில் மெல்லிய ஊசியால் ஒரு கீறல் போட்டதாகவும் சொன்னாய். இசக்கி குனிந்து நுண்நோக்கியில் தன் வலது கண்ணை வைத்தாள். "ஆப்பத்து ஓரம் மாரி இருக்கு" என்றாள். பிறகு, "உசுரோட இருக்கா?" என்று கேட்டாள். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் பேசுவதுபோல.

"இருக்கு அத்தே."

"ஆளு செத்த பொறவுமா?"

"ஆமா அத்தே."

மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வரமாட்டேன் என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நீ தட்டை எடுத்துச் சூட்டுப்பெட்டிக்குள் வைப்பாய், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டுவந்து காட்டுவாய். நாலு மணிக்குப் பார்த்தபோது அந்தக் கீறல் பாதியாகக் குறுகியிருந்தது. இசக்கி தலையைத் தூக்கி உன்னைப் பார்த்தாள்.

"இதுகளுக்கு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல அத்தே. பக்கத்துல எடம் காலியாயிருக்குன்னு தெரிஞ்சா நகரும்."

அவள் எழுந்தாள். அன்று முழுவதும் என் பக்கம் திரும்பாதவள், ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "வாங்க அண்ணாச்சி, நீங்களும் பாருங்க" என்றாள். நான் உட்கார்ந்து கண்ணை வைத்தேன். முதலில் வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. நீ பின்னாலிருந்து ஏதோ ஒரு திருகைத் திருப்பினாய். மெல்ல மெல்லத் தெளிந்தது. நடுவில் ஒரு வெற்று வழி. அதன் இரண்டு கரையிலிருந்தும் அந்தச் செல்கள் ஒன்றையொன்று நோக்கி வந்துகொண்டிருந்தன.

உன் அப்பா